இடது இமை

வதனி என்று பெயர் வைத்தவர்கள்
முகத்துக்கு உத்தரவாதம் எழுதித் தரவில்லை.
நாற்பத்தேழாம் வயதில்
பாதி இறக்கிய கடை ஷட்டர்போல்
நின்றுகொண்டது இடது இமை.

டொராண்டோவில், அகதி விசாரணை அறையில்
நான் மொழிபெயர்ப்பாளர். பத்தொன்பது வருடம்.
கேட்டதைக் கேட்டபடி சொல்லவேண்டும்,
என் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது.
இந்த இமை சேர்த்துக்கொண்டே இருக்கிறது.
போன மார்கழியில் ஒரு பெடியன்
சொல்லிக்கொண்டிருந்ததை நடுவில் விட்டுவிட்டு
என்னைப் பார்த்துக் கேட்டான்:
"அக்கா, நீங்களே நம்பேல்லையோ?"
அதையும் மொழிபெயர்த்தேன்.
வேறென்ன செய்ய.

அழகுக்காக இல்லை என்று குகனேசனிடம் சொன்னேன்.
"அழகுக்கெண்டாலும் எனக்கென்ன"
பருப்பைத் தாளித்தபடி அவர்.
நான் சொன்னதும் பாதிப் பொய்தான்.
படம் எடுக்கையில்
வலக் கன்னத்தையே கொடுக்க
எப்போதோ பழகிவிட்டேன்.

முதலாமவர் யோர்க்வில்லில்.
வரவேற்பறையில் ஓர்க்கிட் பூ. தொட்டுப் பார்த்தேன், நிஜம்.
பெரிய திரையில் என்னை ஏற்றி
சுட்டியால் இமையைத் தூக்கினார்,
கேட்காமலே தாடையைச் செதுக்கினார்,
போகிற போக்கில் நிறத்தையும் இரண்டு படி ஏற்றினார்.
திரையிலிருந்தவள் நல்லாய்த்தான் இருந்தாள்.
எனக்கு அவளைத் தெரியாது.
மூக்கையும் சேர்த்தால் பதினைந்து வீதம் கழிவாம்.
சேலைக்கடை நினைவு வந்தது.

இரண்டாமவர் மச்சாள் ஆரபி சொன்ன ஆள்.
மிசிசாகாவில், நகப்பூச்சுக் கடைக்கு மேல்மாடி.
விலை பாதி, சிரிப்பு இரட்டிப்பு.
"கைராசிக்காரர்" என்றாள்.
வீட்டுக்கு வந்து மருத்துவர் பதிவேட்டில் தேடினேன்.
குடும்ப வைத்தியர்.
அறுவை என்ற சொல் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே இல்லை.
கைராசிக்குப் பதிவேட்டில் கட்டமும் இல்லை.

ஹமில்டனுக்கு, பனி கொட்டிய ஒரு செவ்வாயில்,
ரயிலும் பஸ்ஸும் மாறி இரண்டரை மணி நேரம்.
டாக்டர் கோவல்சுக். மேசையில் பாதி தின்ற ஆப்பிள்.
கண்ணாடி தரவில்லை, திரை இல்லை.
"பின்னேரத்தில் கூடுதலாய் இறங்குமா?
எதுவும் இரண்டிரண்டாய்த் தெரிகிறதா?"
முதலில் இரத்தப் பரிசோதனை, கத்தி பிறகு என்றார்.
மற்ற இருவரும் இமையைப் பார்த்தார்கள்.
இவர் இமை ஏன் இறங்கியது என்று பார்த்தார்.

துண்டுக் காகிதத்தில் எழுதிவந்த கேள்வியைக் கேட்டேன்.
போன வருடம் எத்தனை செய்தீர்கள்,
எத்தனை பிழைத்துப்போய்த் திரும்பத் திறந்தீர்கள்?
"நூற்றிருபதளவில். திறந்தது பதினொன்று."
நிறுத்தினார். ஆப்பிளைப் பார்த்தார்.
"இல்லை, பன்னிரண்டு.
ஒருவருக்கு இரண்டு தரம்.
மூன்று மாதம் கண் முழுசாய் மூடவில்லை,
பிளாஸ்திரி ஒட்டித்தான் படுத்தார்."

எங்கள் அறையில்
பதினொன்று பன்னிரண்டானால்
எதிரே இருப்பவர் பேனாவை எடுப்பார்.
ஒரு திகதி தடுமாறியதற்காக
மூடிய கோப்புகள் எத்தனை,
அதை அவர்களுக்குத் தமிழில் சொன்னது என் வாய்.
என் காதுக்குத் தெரிந்தது வேறு:
ஒப்புவிப்பவர்களுக்கு எண் தடுமாறாது.
அந்த மனிதரின் மூடாத கண்
குறுக்கே வந்ததால் தடுமாறியது.
அங்கே என் கருத்தை யாரும் கேட்பதில்லை.
இங்கே தீர்ப்பு என்னுடையது.

உட்காரவைத்தே ஊதாப் பேனாவால் கோடு போட்டார்.
படுத்தால் எல்லாருக்கும் வயது குறையுமாம்.
"இரண்டு கண்ணும் ஒன்றுபோல வராது,
ஒரு மில்லிமீட்டராவது பிசகும். சம்மதமா?"
சம்மதம்.

திரும்பும் பஸ்ஸில்
கோட்டை அழிக்க மறந்திருக்கிறேன்.
எதிர் ஆசனத்துக் குழந்தை
பேர்லிங்டன்வரை பார்த்துக்கொண்டே வந்து
தன் இமையைத் தொட்டுக் காட்டியது.